டி.சி. வாங்க வேண்டியவள் அவளல்ல

கல்லூரிக்குப் போன பெண் பருவத்தேர்வுக்கு முன்பே பெட்டியோடு வீடு திரும்பிவிட்டால், காலனியில் யாரும் துருவிக் கேட்பதில்லை. "உடம்புக்கு முடியல", "அந்தப் படிப்பு அவளுக்கு ஒத்துவரல" என்று அம்மா சொல்வார். ஆவணி பிறப்பதற்குள் கல்யாணப் பேச்சு தொடங்கிவிடும். இப்படிப் பாதியில் நின்ற படிப்புகளுக்குப் பின்னால் பணமில்லாமை உண்டு, ஆங்கிலத்தின் மீதான பயம் உண்டு, விடுதிச் சோறும் உண்டு. வாய்விட்டுச் சொல்லப்படாத இன்னொன்றும் உண்டு. கூடப் படிக்கும் ஒருவனோ, பாடம் நடத்தும் ஒருவனோ, ஊர்த்தெருவிலிருந்து அதே பேருந்தில் வரும் ஒருவனோ அவளுக்குச் செய்த கொடுமை அது. இந்த வாரம் அதைப் பற்றிப் பேசுவோம்.

தண்டனையைப் பற்றி நிறையப் பேசியாயிற்று. 2024 டிசம்பரில் அண்ணா பல்கலைக்கழக வளாகத்துக்குள்ளேயே ஒரு மாணவி பாலியல் வன்கொடுமைக்கு ஆளானபோது தமிழகம் கொந்தளித்தது. அடுத்த மாதமே தண்டனைகளைக் கடுமையாக்கும் திருத்தங்கள் சட்டமன்றத்தில் நிறைவேறின. குற்றவாளிக்கு 2025 ஜூன் மாதம், 30 ஆண்டுகளுக்குக் குறையாத ஆயுள் தண்டனை கிடைத்தது. நல்லது. ஆனால் கொடுமை நடந்த மறுநாள் காலையில் ஒரு மாணவியின் முன்னால் நிற்கும் கேள்வி தூக்கா ஆயுளா என்பதல்ல. யாரிடம் சொல்வது? எந்த ஆஸ்பத்திரிக்குப் போவது? அப்பாவுக்குத் தெரிந்தால் படிப்பை நிறுத்திவிடுவாரா? திங்கட்கிழமை அவன் உட்காரும் அதே வகுப்பில் போய் எப்படி உட்காருவது?

நம் வீட்டுப் பெண்ணுக்கு இதில் சுமை கூடுதல். உதவித்தொகை, புதுமைப்பெண் திட்டத்தில் மாதம் வரும் 1,000 ரூபாய், ஆதிதிராவிடர் நல விடுதியில் ஒரு இடம் எல்லாமே படிப்பு என்ற ஒரே ஆணியில் மாட்டியிருக்கின்றன. ஆணியைப் பிடுங்கினால் எல்லாம் விழும். ஆகவே, இந்தக் கொடுமைக்குப் பிறகு செய்யப்படும் எந்த உதவியையும் நாம் இரண்டு கேள்விகளால்தான் அளக்க வேண்டும். அவள் படிப்பு தொடர்கிறதா? முடிவெடுப்பது அவளா?

பெரும்பாலும் அவள் முதலில் சொல்வது பெற்றோரிடம் அல்ல, போலீசிடமும் அல்ல. விடுதியில் பக்கத்துக் கட்டிலில் படுத்திருக்கும் தோழியிடம். இதைப் படிக்கும் மாணவிகளே, நாளைக்கு அந்தத் தோழி நீங்களாக இருக்கலாம். அப்போது உங்கள் வாயில் முதலில் வரும் வார்த்தை முக்கியம். "நீ ஏன்டி அந்நேரத்துக்கு அங்க போன?" என்று கேட்டுவிட்டால், அவள் அதற்குமேல் யாரிடமும் வாய் திறக்கமாட்டாள். "நீ சொல்றத நான் நம்புறேன், இது உன் தப்பு இல்ல" என்று சொன்னால் போதும். அழுதால் அழட்டும், பேசாமல் இருந்தால் இருக்கட்டும், தனியாக மட்டும் விடாதீர்கள். அவளைக் கேட்காமல் வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் போடுவது உதவியல்ல. அவனை அடிக்க அண்ணன்களைத் திரட்டுவதும் உதவியல்ல. அடிதடியானால் எதிர்ப்புகார் வரும், நம் பையன்கள் மீது வழக்கு விழும், மூல வழக்கு காணாமல் போகும். ஊர்ப்பக்கம் இது எத்தனை முறை நடந்திருக்கிறது என்று வாசகர்களுக்கு நாம் சொல்ல வேண்டியதில்லை.

முதலில் போக வேண்டிய இடம் ஆஸ்பத்திரி. புகார் கொடுப்பதா வேண்டாமா என்று முடிவு செய்யும்வரை இதற்காகக் காத்திருக்கக் கூடாது, ஏனென்றால் மருத்துவத்துக்குக் கெடு இருக்கிறது. எச்.ஐ.வி. தொற்றைத் தடுக்கும் மாத்திரையை 72 மணி நேரத்துக்குள் தொடங்க வேண்டும். கருத்தடைக்கான அவசர மாத்திரையும் 72 மணி நேரத்துக்குள் சாப்பிடுவதே நல்லது. உடலிலிருந்து தடயம் எடுப்பதும் முதல் நான்கு நாட்களுக்குள்தான் பெரும்பாலும் பயன்படும். குளிக்காமல், உடை மாற்றாமல் போனால் நல்லது. குளித்திருந்தாலும் போகலாம், "குளித்துவிட்டாயே, இனி என்ன" என்று யாரும் திருப்பி அனுப்ப முடியாது. அணிந்திருந்த உடைகளைத் துவைக்காமல் காகிதப் பையில் வைக்க வேண்டும். பிளாஸ்டிக் பையில் ஈரம் தங்கித் தடயம் கெட்டுவிடும்.

அரசு ஆஸ்பத்திரியானாலும் தனியார் ஆஸ்பத்திரியானாலும் முதலுதவியும் சிகிச்சையும் இலவசமாகக் கொடுக்க வேண்டும் என்கிறது பாரதிய நாகரிக சுரக்ஷா சன்ஹிதாவின் 397-வது பிரிவு. "போலீஸ் மெமோ கொண்டு வா" என்று சொல்லி அனுப்புவது குற்றம். அப்படி மறுப்பவருக்கு ஓராண்டு வரை சிறை உண்டு. இரு விரல் பரிசோதனை என்ற அசிங்கத்தை உச்ச நீதிமன்றம் 2013-லேயே கண்டித்தது. அதைச் செய்வது ஒழுங்கீனமாகக் கருதப்படும் என்று 2022 அக்டோபரில் மறுபடியும் தீர்ப்பளித்தது. யாராவது செய்ய வந்தால் மறுக்கும் உரிமை அவளுக்கு உண்டு. கர்ப்பம் தரித்துவிட்டால், 2021 திருத்தத்தின்படி 24 வாரம் வரை சட்டப்படி கலைக்கலாம். 18 வயது நிரம்பிய பெண்ணுக்கு அவள் சம்மதம் மட்டும் போதும்.

வயது விஷயத்தில் கவனம் வேண்டும். முதலாமாண்டு மாணவிகளில் பலருக்கு 17 வயதுதான். சட்டத்தின் கண்ணில் அவர்கள் குழந்தைகள், போக்சோ சட்டம் பொருந்தும். விஷயம் தெரிந்தவர் காவல் துறைக்குச் சொல்லியே ஆக வேண்டும், முதல்வரோ வார்டனோ மறைத்தால் அவர்கள் மீதே வழக்கு வரும். 18 நிரம்பியவர் விஷயம் வேறு. ஆஸ்பத்திரி தன் கடமைப்படி காவல் துறைக்குத் தகவல் சொல்லும், ஆனால் "எனக்கு இப்போது புகார் வேண்டாம்" என்று சொல்லும் உரிமை அவளுக்கு உண்டு. அதை எழுதி வாங்கிக்கொண்டு சிகிச்சையைத் தொடர வேண்டும் என்றுதான் மத்திய சுகாதாரத் துறையின் வழிகாட்டுதல் சொல்கிறது. ஆஸ்பத்திரிக்குக் கூட வர ஆளில்லை, அன்றிரவு தங்க இடமில்லை என்றால் 181-ஐ அழைக்கலாம். மாவட்டத்தில் 'சகி' ஒருங்கிணைந்த சேவை மையம் இருக்கிறது. தற்காலிகத் தங்குமிடம், ஆலோசகர், வழக்கறிஞர் உதவி எல்லாம் அங்கே இலவசம்.

புகார் கொடுக்க அவள் முடிவு செய்தால், நம் மக்கள் ஏமாற்றப்படும் இடம் காவல் நிலையம்தான். அங்கே சற்று நின்று பேச வேண்டும்.

பெண் கோவையில் படிக்கிறாள், சம்பவம் அங்கே நடந்தது, அவள் திண்டிவனம் பக்கத்துச் சொந்த ஊருக்கு வந்துவிட்டாள் என்று வைத்துக்கொள்வோம். "கோவைக்குப் போய்க் கொடு" என்று இங்குள்ள நிலையம் சொல்ல முடியாது. எந்த நிலையத்திலும் முதல் தகவல் அறிக்கை பதிவு செய்து சம்பவ இடத்துக்கு அனுப்ப வேண்டும். அதற்கு ஜீரோ எஃப்.ஐ.ஆர். என்று பெயர். அடுத்த தந்திரம், சி.எஸ்.ஆர். ரசீது ஒன்றைக் கிழித்துக் கையில் கொடுத்து "விசாரிக்கிறோம், போங்க" என்பது. சி.எஸ்.ஆர். ரசீது எஃப்.ஐ.ஆர். ஆகாது. லலிதா குமாரி வழக்கில் 2013-ல் உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு இதைத் தெளிவாக்கிவிட்டது. பாலியல் வன்கொடுமைப் புகாரைப் பதிவு செய்ய மறுக்கும் அதிகாரிக்கு 6 மாதம் முதல் 2 ஆண்டு வரை கடுங்காவல் உண்டு. வாக்குமூலத்தைப் பெண் அதிகாரிதான் பதிய வேண்டும், அவள் வீட்டிலோ அவள் விரும்பும் இடத்திலோ பதியலாம். எஃப்.ஐ.ஆர். நகல் இலவசம்.

அடுத்தது வன்கொடுமைத் தடுப்புச் சட்டம். குற்றம் செய்தவன் பட்டியல் சாதியையோ பழங்குடியையோ சேராதவன் என்றால், இந்தச் சட்டப் பிரிவுகளும் எஃப்.ஐ.ஆரில் இருந்தாக வேண்டும். "முதல்ல கேஸ் போடுவோம்மா, அந்த செக்‌ஷன் அப்புறம் சேர்த்துக்கலாம்" என்பார்கள். அந்த அப்புறம் எளிதில் வருவதில்லை. அது சேர்ந்தால்தான் டி.எஸ்.பி. நிலைக்குக் குறையாத அதிகாரி விசாரிப்பார், குற்றவாளிக்கு முன்ஜாமீன் கிடையாது, சிறப்பு நீதிமன்றத்தில் வழக்கு நடக்கும், ஜாமீன் மனு வரும்போது பாதிக்கப்பட்டவருக்கு நோட்டீஸ் கொடுத்து அவர் பேச்சையும் கேட்டாக வேண்டும். ஆகவே புகாரிலேயே தன் சாதியையும், தெரிந்தால் அவன் சாதியையும் எழுதி, சாதிச் சான்றிதழ் நகலை இணைக்க வேண்டும்.

"சாதிக்காகவா செய்தான்? பொண்ணுங்கிறதுக்காகத்தானே?" என்று வாதாடுவார்கள். 2016 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த திருத்தம் இந்த வாதத்தின் காலை உடைத்துவிட்டது. பத்தாண்டோ அதற்கு மேலோ தண்டனைக்குரிய குற்றத்தில், அவள் பட்டியல் சாதிப் பெண் என்று தெரிந்தே அவன் செய்திருந்தால் போதும், ஆயுள் தண்டனைக்குரிய பிரிவு பொருந்தும். அவளையோ அவள் குடும்பத்தையோ அவனுக்கு நேரடியாகத் தெரியும் என்று நிரூபித்தால், சாதியும் தெரிந்திருந்தது என்றே நீதிமன்றம் அனுமானிக்கும். ஒரே கல்லூரியில் படிக்கிறவனுக்கு யார் உதவித்தொகை வாங்குகிறார், யார் எந்த விடுதியில் தங்குகிறார் என்று தெரியாதா என்ன?

ஒரு வருத்தமான விதிவிலக்கு. கிறிஸ்தவத்துக்கு மாறிய குடும்பத்துப் பெண்ணுக்குச் சட்டப்படி பட்டியல் சாதித் தகுதி இல்லை என்பதால், இந்தச் சட்டம் அவளுக்குப் பொருந்தாது. அதே காலனி, அதே இழிசொல், அதே பேருந்து நிறுத்தம். 1950-ம் ஆண்டு குடியரசுத் தலைவர் ஆணைக்கு மட்டும் அவள் வேறு. அவளுக்கும் மற்ற எல்லாச் சட்டங்களும் உதவும் என்பதை மறந்துவிடக் கூடாது.

டீக்கடையில் பேசப்படும் ஒரு பேச்சுக்கும் பதில் சொல்லியாக வேண்டும். "காசுக்காகக் கேஸ் போட்டாங்க" என்பது அது. வன்கொடுமைச் சட்ட விதிகளின் 2016 அட்டவணைப்படி பாலியல் வன்கொடுமைக்கு 5 லட்சம், கூட்டு வன்கொடுமைக்கு 8.25 லட்சம் நிவாரணம் உண்டு. தமிழக அரசு பிறகு இந்த நிவாரணங்களை உயர்த்தியது. மருத்துவப் பரிசோதனை அறிக்கை வந்ததும் பாதி, குற்றப்பத்திரிகை நீதிமன்றத்துக்குப் போனதும் கால் பங்கு, தீர்ப்பின்போது மீதி. இது அவன் கொடுக்கும் பணமல்ல. அரசு தன் கடமைக்குக் கொடுப்பது, அதை வாங்குவதால் வழக்கு பலவீனமாகாது. ஒவ்வொரு வாய்தாவுக்கும் அப்பாவும் அம்மாவும் ஒரு நாள் கூலியை விட்டுவிட்டுப் பேருந்து ஏற வேண்டும். அதற்காகவே பயணப்படியும், குறைந்தபட்சக் கூலிக்குக் குறையாத தினப்படியும் கொடுக்க வேண்டும் என்று விதி 11 சொல்கிறது. கேட்டால்தான் கிடைக்கிறது என்பது வேறு கதை. வன்கொடுமைச் சட்டம் பொருந்தாதவர்கள் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் இழப்பீடு கேட்கலாம். 15100 அதன் இலவச எண். வன்கொடுமைப் புகார்களுக்கென்றே 14566 என்ற தேசிய உதவி எண்ணும் இருக்கிறது.

காவல் நிலையம் ஒரு வழி என்றால் கல்லூரி இன்னொரு வழி. இரண்டையும் ஒன்றாகவும் பிடிக்கலாம், ஒன்றை மட்டுமும் பிடிக்கலாம். ஒவ்வொரு கல்லூரியிலும் உள்ளகப் புகார்க் குழு இருக்க வேண்டும் என்பது 2013-ம் ஆண்டுச் சட்டம். மாணவிகளுக்கும் அது உண்டு என்பதைப் பல்கலைக்கழக மானியக் குழுவின் 2015 ஒழுங்குமுறைகள் விரித்துச் சொல்கின்றன. மாணவர் தொடர்பான புகார் என்றால் குழுவில் மாணவர் பிரதிநிதிகள் மூவர் இருக்க வேண்டும், வெளியாள் ஒருவரும் இருக்க வேண்டும். புகாரை 3 மாதத்துக்குள் எழுத்தில் கொடுக்க வேண்டும். தக்க காரணம் இருந்தால் இன்னும் 3 மாதம் நீட்டிக்கலாம். 90 நாளில் விசாரணை முடிய வேண்டும்.

விசாரணை முடியும்வரை என்ன செய்வது என்பதுதான் மாணவிக்கு உயிர்ப் பிரச்சினை. இந்த ஒழுங்குமுறைகளில் அதற்கும் வழி இருக்கிறது. அவனை வேறு பிரிவுக்கு மாற்றலாம், வளாகத்துக்குள் வராமல் தடுக்கலாம். ஆசிரியர் என்றால், அவளுடைய விடைத்தாளையும் அகமதிப்பெண்ணையும் அவர் தொடாமல் செய்யலாம். அவளுக்கு 3 மாதம் வரை விடுப்பு கொடுக்கலாம், அவள் மாணவி என்ற தகுதியும் சலுகைகளும் குறையக் கூடாது. இவையெல்லாம் எழுத்தில் கேட்டால் கிடைக்கக்கூடியவை. வருகைப்பதிவு குறைந்துவிட்டது, தேர்வு எழுத முடியாது என்று பிறகு சொல்லாமலிருக்க, விடுப்பையும் எழுத்தில் கேட்டு, பெற்றுக்கொண்டதற்கான கையெழுத்தோடு நகலை வைத்திருக்க வேண்டும்.

நடப்பதோ வேறு. முதல்வர் அறைக்குப் பெற்றோரை வரவழைப்பார்கள். காபி வாங்கிக் கொடுப்பார்கள். "பொண்ணு எதிர்காலம் பாருங்க, கல்லூரி பேரும் கெட வேண்டாம், டி.சி. வாங்கிட்டுப் போயிடுங்க, நல்லபடியா எழுதித் தர்றோம்" என்பார்கள். முதல் முறையாக அந்த அறைக்குள் கால் வைக்கும் நம் அப்பா கையைக் கட்டிக்கொண்டு தலையாட்டிவிட்டு வருவார். அவன் மட்டும் அதே வகுப்பில் தேர்வெழுதிக் கொண்டிருப்பான். பெற்றோருக்கு நாம் அழுத்திச் சொல்வது: அந்த அறைக்குத் தனியாகப் போகாதீர்கள், வழக்கறிஞரையோ இயக்கத் தோழரையோ கூட்டிப்போங்கள். அங்கே எந்தத் தாளிலும் அன்றே கையெழுத்துப் போடாதீர்கள். மூலச் சான்றிதழ்களைக் காட்டி மிரட்டினால், அவற்றைக் கல்லூரி வைத்துக்கொள்ளவே கூடாது என்று 2018-ல் மானியக் குழு அறிவித்திருப்பதைச் சொல்லுங்கள். அவளே வேறு கல்லூரிக்கு மாற விரும்பினால் அது அவள் உரிமை. அவளை மாற்றி அனுப்புவது கல்லூரியின் தீர்வாக இருக்கக் கூடாது.

கல்லூரியின் அறையைத் தாண்டினால் ஊரில் கட்டப்பஞ்சாயத்து காத்திருக்கிறது. "அவனுக்கே கட்டி வெச்சிடலாம்" என்ற யோசனை அங்கே இன்னும் சாகவில்லை. பஞ்சாயத்துக்காரர்களை மட்டும் என்ன சொல்வது? 2015-ல் சென்னை உயர் நீதிமன்றத்திலேயே ஒரு நீதிபதி, தண்டிக்கப்பட்டவனுக்கு ஜாமீன் கொடுத்து, பெண்ணோடு சமரசம் பேச அனுப்பினார். கடும் எதிர்ப்புக்குப் பிறகு அந்த உத்தரவு திரும்பப் பெறப்பட்டது. பாலியல் வன்கொடுமை சமரசம் செய்துகொள்ளக்கூடிய குற்றமல்ல என்று உச்ச நீதிமன்றம் மீண்டும் மீண்டும் சொல்லியிருக்கிறது. கல்யாண ஆசை காட்டி உடலுறவு கொண்டு ஏமாற்றியவனுக்கும் பாரதிய நியாய சன்ஹிதாவின் 69-வது பிரிவில் பத்தாண்டு வரை சிறை இருக்கிறது.

சரி, அவள் எந்தப் புகாரும் வேண்டாம் என்கிறாள். என்ன செய்வது? இயக்கக்காரர்களுக்கு இது கசக்கும் இடம். வழக்கு இல்லாவிட்டால் அவன் இன்னொரு பெண்ணிடம் போவானே என்று நமக்கு மனம் பதறும். ஆனாலும் 18 வயது நிரம்பிய பெண்ணைத் தள்ளிக்கொண்டு போய் நிலையத்தில் நிறுத்துவது அவளுக்கு இரண்டாவது பலவந்தம். இந்தக் குற்றத்துக்கு வழக்குத் தொடரக் காலவரம்பு கிடையாது, தாமதமாகச் சொன்னாள் என்பதற்காக மட்டும் அவள் சொல்வது பொய்யாகிவிடாது என்று 1996-லேயே உச்ச நீதிமன்றம் சொன்னது. ஆறு மாதம் கழித்து அவளுக்குத் தைரியம் வரலாம். அதுவரை அவனோடு நடந்த வாட்ஸ்அப் உரையாடல், அழைப்புப் பதிவு, மருத்துவச் சீட்டு எதையும் அழிக்க வேண்டாம். நடந்ததைத் தேதி போட்டு எழுதி வைத்துக்கொள்ளட்டும். படம் எடுத்து மிரட்டுகிறான் என்றால் 1930-ல் சொல்லலாம். தூக்கமில்லை, சாப்பாடு இறங்கவில்லை, செத்துவிடலாம் போலிருக்கிறது என்றால் 14416-ல் எந்நேரமும் தமிழில் பேசலாம். இதெல்லாம் வழக்குப் போட்டவளுக்கு மட்டுமல்ல.

அவள் பெயரைக் காப்பது நம் எல்லோர் பொறுப்பு. பொள்ளாச்சி வழக்கில் 2019-ல் அரசாணையிலேயே பெண்ணின் பெயர் வந்தது, மதுரை அமர்வு 25 லட்சம் இழப்பீடு கொடுக்கச் சொன்னது. அண்ணா பல்கலைக்கழக வழக்கில் எஃப்.ஐ.ஆர். இணையத்தில் கசிந்தது, அங்கேயும் 25 லட்சம். அரசே இப்படி என்றால் நம் வாட்ஸ்அப் குழுக்கள் என்ன கதி? படத்தைப் போட்டு நீதி கேட்பதும், ஊர்ப் பெயரோடு அப்பா பெயரையும் சேர்த்து ஃபிளெக்ஸ் அடிப்பதும் கோபத்தில் செய்வதுதான், அதுவும் குற்றமே. இரண்டாண்டு வரை சிறை உண்டு. பொள்ளாச்சிப் பெண்கள் ஆறாண்டு காத்திருந்து, பிறழாமல் சாட்சி சொல்லி, 2025 மே மாதம் ஒன்பது பேருக்கும் சாகும்வரை ஆயுள் தண்டனை வாங்கிக் கொடுத்தார்கள். அவர்கள் யாரென்று ஊருக்குத் தெரியாமல் இருந்தது அதற்கு எவ்வளவு துணையாக இருந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

நம் ஊர்களிலிருந்து கல்லூரிக்குப் போகும் மாணவ மாணவியர் இந்த வாரமே செய்யக்கூடிய வேலை ஒன்று இருக்கிறது. உங்கள் கல்லூரி அறிவிப்புப் பலகையில் உள்ளகப் புகார்க் குழு அமைக்கப்பட்ட ஆணை ஒட்டப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். உறுப்பினர்களின் பெயரும் தொலைபேசி எண்ணும் இருக்க வேண்டும். குழுவே இல்லாத நிர்வாகத்துக்கு 50,000 ரூபாய் அபராதம் விதிக்கலாம். இல்லையென்றால் முதல்வருக்கு எழுத்தில் கேளுங்கள், ஐந்து பேராவது சேர்ந்து கையெழுத்துப் போடுங்கள். குழுவில் ஒரு தலித் பேராசிரியையாவது இருக்க வேண்டும் என்றும் அதிலேயே கேளுங்கள். ஆதிதிராவிடர் நல விடுதிகளில் தங்கியிருப்போர், 181, 14566, 15100, 14416 என்ற நான்கு எண்களையும் ஒரு தாளில் பெரிதாக எழுதி, வார்டன் அறைக் கதவில் அல்ல, குளியலறைக் கதவின் உட்பக்கத்தில் ஒட்டுங்கள். அங்கேதான் யாரும் பார்க்காமல் அதைக் குறித்துக்கொள்ள முடியும்.